கருடன் காலில் இருந்தது

கேசவா,

அன்று காலை ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஏழு பேர். நீ, மேகனா, மேகனாவின் அம்மா, உன் அப்பா, நான், வீடியோ எடுத்தவர், ட்ரோன் விட்டவர். வேறு யாரும் இல்லை. ஏரிக் காவலர்கூட இன்னும் வந்திருக்கவில்லை. இதை முதலில் எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கென்று எடுத்த அந்த வீடியோவை நீ நம் குடும்பக் குழுவில் போட்ட நாளிலிருந்து, வராதவர்கள் எல்லாரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் போலப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே நின்ற நானோ, அவர்கள் பேசுகிற அந்த ஒரு கணத்தை அப்போது பார்க்கவே இல்லை. பிறகு பார்த்தேன். பார்த்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். குழுவில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஆனால் முதலில் உனக்கு மட்டும் அனுப்புகிறேன். நீ சரி என்று சொன்னால்தான் மற்றவர்களுக்குப் போகும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஏரியின் பெயரை எழுதவில்லை. உனக்குத் தெரியும், அது போதும்.

நீ புனேயில் வேலைக்குப் போனபோது உன் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு, "லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும்மா, மழைக்காலத்துல வாரத்துக்கு ஒரு தரமாவது வெளியில எடுத்து வெச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனாய். சொன்னதைச் செய்தேன். வெள்ளிக்கிழமை விளக்குகளைத் தேய்த்துக் கவிழ்த்தபின் அதையும் எடுத்து ஜன்னலோரம் வைப்பேன். இப்படியே வைத்து வைத்து எடுப்பானேன், எடுத்ததற்கு ஒரு படமாவது பிடிப்போமே என்று தோன்றியது. முதல் படம் நம் வீட்டு முருங்கைமரத்தில் உட்கார்ந்திருந்த காகம். காகமும் தெரியவில்லை, முருங்கையும் தெரியவில்லை. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். அதே போல அந்தக் காகமும் என்னை விடவில்லை. எந்தப் பித்தானை அழுத்தினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்று மட்டும் நானே கண்டுபிடித்தேன்: படம் எடுத்தவுடன் நடுவில் இருக்கும் பறவையைப் பார்க்கக்கூடாது, அது எப்படியும் நமக்கு அழகாகத்தான் தெரியும். முதலில் நான்கு ஓரங்களையும் பார்க்கவேண்டும். தேவையில்லாத கிளையோ, பாதி வெட்டுப்பட்ட வாலோ ஓரத்தில்தான் இருக்கும். கணக்கில் கூட்டுத்தொகையைப் பார்க்காமல் வரிகளைப் பார்ப்பது மாதிரி. இந்தப் பழக்கம்தான் இன்றைக்கு என்னை உனக்கு எழுதவைத்திருக்கிறது.

ஏரிக்குப் போக ஆரம்பித்தது உன் அப்பாவின் சர்க்கரைக்காக. அவர் நடப்பார், நான் உட்காருவேன். ஒரே கல் மேடையில் உட்கார்ந்து வருஷம் முழுக்க அந்த ஒரே ஏரியைப் படம் எடுத்திருக்கிறேன். பங்குனியில் தண்ணீர் உள்வாங்கிச் சேறு வெடித்துக் கிடக்கும். உள்ளான்கள் அந்தச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும். சித்திரையில் இரண்டு கோடைமழை பெய்தால் கரையோரப் புல் பச்சை விடும். ஆனி, ஆடியில் காற்றும் தூறலும், கேமராவுக்குப் பால்கவரைக் கழுவிக் காயவைத்து உறை போடுவேன். ஆவணிக்குள் ஏரி நிறைந்து, கிழக்குக் கரையோரம் அல்லி மூடிவிடும். ஐப்பசிக்குமேல் வடக்கேயிருந்து வாத்துகள் வரும். மார்கழியில் கோலமும் பெருமாள் தளிகையும் முடித்துவிட்டுப் போனால் எதிரே சாமுண்டி மலை இருப்பதே தெரியாது, பனிதான். பனிக்குள்ளிருந்து ஒரு கூழைக்கடாப் பறவை படகு மாதிரி வரும். இத்தனையும் எடுத்திருக்கிறேன். கருடனை மட்டும் எடுத்ததில்லை. காரணம் உனக்கே தெரியும். கருடன் தலைக்குமேல் வந்தால் என் கை தானாகக் கேமராவை விட்டுவிடும். கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வேண்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தால் வெறும் வானம். உன் அப்பா கேலி செய்வார். "ஏண்டி, அவர் என்ன உன் போட்டோவுக்கு நிக்கணுமா, நீ சேவிக்கறதுக்கு நிக்கணுமா? ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிச் சொல்லு, அவரும் பாவம் சுத்திண்டே இருக்கார்."

ஆவணி பிறந்ததும் நீ போன் செய்தாய். "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி நானும் மேகனாவும் ஒரு வீடியோ எடுத்துக்கணும். உனக்குத்தான் அந்த ஏரி முழுக்கத் தெரியுமே, நல்ல எடமா ஒண்ணு சொல்லேன்" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. சமையலைத் தவிர ஒரு விஷயத்தில் நீ என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல்தரம். "மேக்குக் கரை வேண்டாம், வெயில் எதிர்ல வந்து மூஞ்சி இருட்டாயிடும். கிழக்குக் கரையில கல் மேடை இருக்கே, அங்க நில்லுங்கோ. வெளிச்சம் மூஞ்சில விழும், பின்னால அல்லி பூத்திருக்கும்" என்று வழி சொன்னேன். அந்த அல்லிக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இலைக்கோழி. நீண்ட விரல்களைப் பரப்பி, இலைகள்மேலேயே நடக்கிற பறவை. அதில் முட்டை இடுவதோடு பெண்ணின் வேலை முடிந்தது; அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் தகப்பன்தான். இதை உன் அப்பாவிடம் சொன்னபோது, "அதுக்கு ஆபீஸ் கிடையாதே" என்றார். அந்தத் தகப்பனையும் அதன் நாலு குஞ்சுகளையும் நான் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் வெளியே வந்தாயிற்று, கலைவதற்குக் கூடு என்று ஒன்று இல்லை, நீங்கள் நிற்பதோ கரையில், யாருக்கும் ஆபத்தில்லை என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ட்ரோன் வரும் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்து இறங்கிய பெட்டியைத் திறந்து அதை எடுத்தபோது கேட்டிருக்கலாம், அப்போதும் கேட்கவில்லை. எல்லாரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த நேரம்.

அடுத்து என்ன நடந்தது என்பதை எனக்குத் தெரிந்தவரை வரிசையாக எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. ட்ரோன் அல்லிக்குமேல் தாழப் பறந்து உங்களை நோக்கி வந்தது. தேனீக்கூட்டம் போல அந்தச் சத்தம். இலைக்கோழி குரல் கொடுத்துக்கொண்டு எழும்பி எதிர்க்கரைப் பக்கம் போய்விட்டது. தண்ணீரில் இருந்த முக்குளிப்பான் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முங்கிவிட்டன. அப்போது மேகனா என் பக்கம் திரும்பி, கன்னடத்தில், "அத்தே, ஹக்கிகளு ஹெதர்கோதவே. பேடா அந்த ஹேளி" என்றாள். பறவைகள் பயப்படுகின்றன, வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். உன்னிடம் சொல்லவில்லை, வீடியோக்காரரிடம் சொல்லவில்லை. அந்த இடத்தில் பறவையைப் பற்றித் தெரிந்தவள் நான்தான் என்று என்னிடம் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒந்து நிமிஷ அல்வாம்மா, ஆகோகத்தே" என்றேன். ஒரு நிமிஷம்தானே, முடிந்துவிடும். நீ அவள் கையைப் பிடித்து இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னாய்.

ட்ரோன் மேலே ஏறிப் போயிற்று. கரையில் வீடியோக்காரர் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உன் அப்பா, "கருடன்! கருடன்! எல்லாரும் சேவிச்சுக்கோங்கோ!" என்று கத்தினார். நான் கேமராவை விட்டேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், கண்ணை மூடினேன், உங்கள் இருவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் தென்னந்தோப்புப் பக்கம் சின்னதாகத் தெரிந்தார். மேகனாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தேவரே பந்த ஹாகாய்து" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சுவாமியே வந்த மாதிரி இருந்தது என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் காட்டினேன், நீயும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய்.

நீ குழுவில் போட்ட வீடியோவில் அந்தக் காட்சி நிதானமாக ஓடுகிறது. நீயும் மேகனாவும் நடுவில். உங்கள் தோளுக்குப் பின்னால் கருடன் இடமிருந்து வலமாகத் தாழ வந்து மேலே ஏறுகிறார். மேல்கோட்டை பெரியப்பா உடனே பேசி அனுப்பினார், நீயும் கேட்டிருப்பாய்: "காலைப் பாருங்கோ, காலைப் பாருங்கோ! கால்ல நெளிநெளியாத் தொங்கறது பாருங்கோ, சர்ப்பம்! சர்ப்பத்தைப் பிடிச்சுண்டு கருடன் வர்றது லேசுல கிடைக்கற தரிசனமா? சாட்சாத் பெருமாளே அனுப்பிச்சிருக்கார்." அதன்பின் பெரிய அத்தை, அத்தையின் நாத்தனார், பெயர் தெரியாத மாமிகள் எல்லாரும் கைகூப்பிய படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். நீ கல்யாணத்தன்று மாலை, நீங்கள் இருவரும் மேடைக்கு நடந்து வரும்போது அந்தக் காட்சியைப் பெரிய திரையில் ஓட்டவேண்டும், அதற்கு நாதஸ்வரம் வாசிக்கவேண்டும், கருடன் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்திவைத்து நான் ஆரத்தி எடுக்கவேண்டும் என்று சொன்னாய். நான் சரி என்றேன். அப்போது நான் அதைக் கைப்பேசியில், கண்ணாடி இல்லாமல், ஒரே ஒரு தரம்தான் பார்த்திருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் கண்ணாடி போட்டுக்கொண்டு, உன் அப்பாவின் கம்ப்யூட்டரில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வழக்கம்போல ஓரத்திலிருந்து. நீங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. கருடன் காலில் இருப்பது பாம்பு இல்லை, கேசவா. பாம்பு என்றால் ஒரே கோடாகத் தொங்கும். இது மெல்லிய கோடுகள், நாலாகப் பிரிந்து, நூல் நூலாகத் தொங்குகின்றன. அந்த விரல்களை நான் எத்தனையோ தரம் இலைமேல் பார்த்திருக்கிறேன். உடம்புக்குப் பொருந்தாத நீளமான விரல்கள். அது இலைக்கோழிக் குஞ்சு. தகப்பன் பக்கத்தில் இருந்தால் ஒரு குரல் கொடுப்பான், குஞ்சுகள் இலைக்கடியில் புகுந்து அலகு மட்டும் வெளியே தெரியப் பதுங்கும், அல்லது அவனுடைய இறக்கைக்குள் போய்விடும். அவனை நாம் துரத்திவிட்டோம். குஞ்சுகள் விரித்த இலைமேல் வெட்டவெளியில் நின்றன. பார்த்தது தப்பாக இருக்கக்கூடாதே என்று மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஏரிக்குப் போய் உட்கார்ந்தேன். தகப்பன் திரும்பி வந்திருந்தான். கூட மூன்று குஞ்சுகள்தான்.

கருடனை நான் குறை சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டார். தென்னந்தோப்பில் அவருக்கும் குஞ்சு இருக்கும். பெருமாள் படைத்ததில் ஒன்று இன்னொன்றைத் தின்னும், அதை இந்த ஏரியில் தினமும் பார்க்கிறேன், எந்த வருத்தமும் இல்லாமல் படமும் எடுக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் குஞ்சை வெளியே எடுத்துவைத்தது நாம். எடுத்துவைத்துவிட்டு, அவர் கொண்டுபோனதை ஆசீர்வாதம் என்று திரையில் போட்டு, கீழே நின்று நான் ஆரத்தி சுற்றவேண்டும். என்னால் முடியாது. தெரியாதபோது சேவித்தது பக்தி. தெரிந்தபின் அதே காட்சிக்குக் கற்பூரம் காட்டினால் அது பெருமாளிடம் பொய் சொல்வது. ஜனங்களிடம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், அவரிடம் எப்படிச் சமாளிப்பது?

அந்தக் காட்சியைக் கல்யாணத்தில் போடாதே. நான் கேட்பது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல இத்தனை நாள் ஏன் தாமதித்தேன் என்பதையும் எழுதவேண்டும். நம் மனிதர்களை உனக்குத் தெரியும். சர்ப்பம் என்று சொன்னபோது நல்ல சகுனம் என்றவர்கள், செத்த குஞ்சு என்று கேட்டதும் என்ன சொல்வார்கள்? பெரிய அத்தை என்ன சொல்வாள் என்று என்னால் இங்கிருந்தே கேட்கமுடிகிறது. "அடடா, மொதல் மொதல்ல அந்தப் பொண்ணு வந்து நின்ன எடத்துலயா இப்படி?" அந்தப் பேச்சு மேகனாவின் தலையில்தான் போய் விழும். நம் ஜாதியில்லை, நம் பாஷையில்லை என்று ஏற்கெனவே ஆரம்பித்து, இந்தக் கருடன் வந்தபின்தான் வாயை மூடினார்கள். கருடனை எடுத்துவிட்டால் திரும்பத் திறப்பார்கள். இரண்டு நாள் இதை நினைத்து, பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன். பிறகு யோசித்தேன்: சகுனத்தால் வந்த மதிப்பு இன்னொரு சகுனத்தில் போய்விடும். ஒரு பல்லி கத்தினால் போதும். அந்த மாதிரி மதிப்பில் ஒரு பெண் நம் வீட்டில் எத்தனை வருஷம் குடித்தனம் செய்வது?

அதனால் நான் குழுவுக்குச் சொல்லப்போவது இது. நல்ல சகுனமும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை. ஒரு மெஷினை விட்டோம், ஒரு தகப்பன் பறவை பயந்து ஓடியது, குஞ்சு போயிற்று. இடம் காட்டியது கேசவனின் அம்மா. வேண்டாம் என்று சொன்னது அங்கிருந்த ஏழு பேரில் ஒருத்திதான், அவள் மேகனா. அவள் சொன்னதைத் தட்டியவள் நான். இதை அவர்கள் என் வாயாலேயே கேட்கட்டும். அத்தை பேசுவதானால் என்னைப் பேசட்டும், முப்பது வருஷப் பழக்கம் எனக்கு இருக்கிறது. ஆனால் மேகனாவுக்குத் தெரியாமல் எதையும் எடுக்காதே, எதையும் போடாதே. முதலில் அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் எழுத்து வராது, நீதான் படித்துச் சொல்லவேண்டும். அத்தையைப் பற்றி எழுதியதையும் விடாமல் சொல். அவள் வேண்டாம் என்றால் நான் குழுவில் போடமாட்டேன், காட்சியை மட்டும் எடுத்துவிடுவோம். உனக்குக் கல்யாண வாழ்க்கைக்கு என்று தனியாகப் புத்தி சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவள் ஒன்றைக் கண்டு வேண்டாம் என்று சொன்னால், அவள் என்ன கண்டாள் என்று ஒரு தரம் திரும்பிப் பார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்கு ஆறு வயதில் மேல்கோட்டைக் கோயில் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது கருடன் வந்தார். நாங்கள் எல்லாரும் கண்ணை மூடினோம். நீ மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "எல்லாரும் கண்ணை மூடிண்டா அவரை யாரு பாப்பா?" என்று கேட்டாய். பெரியப்பா உன் தலையில் ஒரு குட்டு வைத்தார். நான் குட்டவில்லை, ஆனால் உனக்குப் பதிலும் சொல்லவில்லை. முந்தாநாள் காலை நான் ஏரியில் உட்கார்ந்திருந்தபோது அவர் மறுபடி வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டேன், கண்ணை மூடவில்லை. நிழல் அல்லிமேல் போனதும் தகப்பன் இலைக்கோழி தாழ உட்கார்ந்து இறக்கையைத் தூக்கினான். மூன்றும் உள்ளே ஓடின. அப்படியே எழுந்து நடந்தான். இரண்டு பக்கமும் இறக்கைக்கடியில் குஞ்சுகளின் கால்கள் தொங்க, எட்டுக் கால் உள்ள பறவை மாதிரி. கருடன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே போனார். கேமரா கழுத்தில்தான் இருந்தது. கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். கருடன் அதில் இல்லை, தகப்பன் மட்டும்தான். கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஆனால் கால்களை எண்ணலாம். இத்துடன் அனுப்புகிறேன். வேண்டுமானால் திரையில் இதைப் போடு, வேண்டாமென்றால் ஒன்றுமே போடாதே. உன் அப்பாவிடம் காட்டினேன். நிறைய நேரம் பார்த்துவிட்டு, "இவன் நம்மைவிடப் பொறுப்பானவன்" என்றார். நான் இதையெல்லாம் உனக்கு எழுதுவதும் அவருக்குத் தெரியும்.

வீடியோக்காரர் வரும் வெள்ளிக்கிழமைக்குள் எதை வைப்பது, எதை எடுப்பது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். மேகனாவிடம் பேசிவிட்டு, நீங்கள் இருவரும் என்ன நினைக்கிறீர்கள் என்று வியாழக்கிழமைக்குள் எனக்குப் பதில் எழுது.

அம்மா